கோய் மீன்களின் ஈரல் வெளுத்துப் போகிறது: தீனியா, தண்ணீரில் ஜிங்க்கா? (பெங்களூரு)

ஹொரமாவு_குளம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அபார்ட்மென்ட் முற்றத்தில் ஒரு சிமென்ட் குளம் இருக்கிறது. பெரும்பாலும் கோய் (கெண்டை ஜாதி அலங்கார மீன்), கூடவே கொஞ்சம் கோல்டு ஃபிஷ். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கமிட்டியில் என்னிடம் இருக்கிறது. கோடையிலிருந்தே மீன்கள் மந்தமாக இருந்தன. தீனி போட்டால் மேலே வரும், ரெண்டு வாய் எடுத்துவிட்டு விலகிப் போகும். மழை பிடித்த பிறகு பெரிய மீன்களாகப் பார்த்துச் செத்துப்போகின்றன. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் கிட்டில் சுத்தம். ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடுகிறது.

மேல்மாடியில் மீன்வளத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நேற்று காலையில் செத்த மீனை அவர் உடனே அறுத்துக் காட்டினார். மலத்துவாரத்திலிருந்து செவுள் வரை கத்தரிக்கோலால் ஒரே கீறல். கெண்டைக்கு ஈரல் தனி மடலாக இருக்காதாம், குடலைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அது செங்காவி நிறத்தில் இருக்க வேண்டும் என்றார். இங்கே வெளிறிய மஞ்சள். தொட்டால் கூழாகிறது, கத்தியில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு துண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் போட்டார், மிதந்தது. வயிற்றுக்குள்ளும் வெள்ளைக் கொழுப்பு கட்டி கட்டியாக இருந்தது.

தீனி: கடையில் "சீக்கிரம் வளரும், கலர் ஏறும்" என்று கொடுத்தது. பையில் கொழுப்பு 16% என்று போட்டிருக்கிறது. தண்ணீர்: போர் தண்ணீர்தான், ஆனால் மொத்தக் கட்டடத்துக்கும் சாஃப்ட்னர் வழியாக வருகிறது. குளத்துக்குத் தோட்டக் குழாயிலிருந்து விடுகிறோம், அது பழைய ஜி.ஐ. லைன், அதாவது ஜிங்க் பூசிய இரும்புக் குழாய். போன வருஷம் பக்கத்தில் கிளப் ஹவுஸுக்கு ஜிங்க் பூசிய ஷீட் கூரை போட்டார்கள், அந்த மழைத் தண்ணீரும் குளத்தில் விழுகிறது. பெரியவர், "தீனி ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் ஜிங்க் பாரும்மா" என்கிறார். கடைக்காரர் தீனிமேல் பழி வரவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அல்சூர்_அரோவானா

அக்கா, எனக்கு இதில் சந்தேகமே இல்லை, தீனிதான். 16% கொழுப்பு கெண்டைக்கு ரொம்ப அதிகம். கெண்டைத் தீனியில் 5, 6 சதவீதம் இருந்தாலே அது நன்றாக வளரும். ட்ரவுட், சால்மன் மாதிரி வேட்டை மீன் தீனியில்தான் 20%க்கு மேல் போவார்கள். அதே கலவையைக் கோய்க்குப் பை மாற்றி விற்கிறார்கள் போல. நம்ம ஊர் ஹாபியில் இது பெரிய வியாதி. சிவாஜிநகரில் மாட்டு இதயம் வாங்கி ஆஸ்கர், அரோவானா மாதிரி தொட்டி மீன்களுக்குத் தினம் போடுகிறவர்களைத் தெரியும். மீன் பளபளவென்று இருக்கும், ஒரு நாள் காரணமே தெரியாமல் அடியில் கிடக்கும். பாலூட்டி விலங்கின் கொழுப்பு குளிர்ந்தால் உறையும். உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டோடு மாறும் மீனுக்கு அது செரிப்பது கஷ்டம்.

கொளத்தூர்_சரக்கு

நான் சென்னை கொளத்தூரிலிருந்து பெங்களூருக்கு மீன் இறக்குகிறவன். அக்கா, வெள்ளைப்புள்ளிக்கு, பூஞ்சைக்கு மாலகைட் கிரீன் மாதிரி ஏதாவது பச்சை மருந்து விட்டீர்களா? மாலகைட் கிரீனில் ஜிங்க் உப்பாக வருவதும் உண்டு, சாயப்பட்டறைக்கு விற்கிற சரக்கு அது. மீனுக்கு விடுவதென்றால் ஜிங்க் இல்லாத ஆக்ஸலேட் வகை மட்டும்தான். லூசில் விற்கும் பொடியில் எது என்று தெரியாது. நாம் சாப்பிடுகிற மீனுக்கு எந்த வகையும் கூடாது, அது தனி விஷயம்.

ஹொரமாவு_குளம்

மருந்து எதுவும் விடவில்லை தம்பி. உப்பு மட்டும்தான்.

செவுள்_டாக்டர்

மீன் நோய்க்குறியியல் என் வேலை, ஹெப்பாள் பக்கம் இருக்கிறேன். மேடம், நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் ஒன்றாக நிற்கிறது: கொழுப்புத் தீனி, ஜி.ஐ. குழாய், சாஃப்ட்னர். மூன்றாவதை யாரும் கவனிக்கவில்லை. என் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது.

ஜிங்க், அதாவது துத்தநாகம், மீனுக்கு அவசியமான சத்து. கெண்டைத் தீனியில் கிலோவுக்கு 15 முதல் 30 மி.கி. வரை இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நின்றுபோகும், துடுப்பு அரிக்கும். ட்ரவுட்டுக்குக் கண்ணில் புரை விழும். தாவரத் தீனியில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தீனி ஆலைகள் இதைவிடக் கூடுதலாகவே சேர்க்கின்றன. தீனி வழியாக வருவதைக் கெண்டை நன்றாகவே சமாளிக்கும். கிலோவுக்கு 1700 மி.கி.க்கு மேல் கொடுத்துப் பார்த்த சோதனைகளிலும் கெண்டையும் ட்ரவுட்டும் தாங்கியிருக்கின்றன. வேண்டியதைக் குடல் எடுத்துக்கொள்ளும், மிச்சம் கழிவோடு போய்விடும்.

தண்ணீரில் கரைந்த ஜிங்க் அப்படி இல்லை. அது செவுள் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகிறது. செவுளில் கால்சியம் உள்ளே வருகிற அதே வாசலில்தான் ஜிங்க்கும் நுழைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது முண்டியடித்து ஜிங்க்கை வெளியே நிறுத்தும். கால்சியம் இல்லாவிட்டால் ஜிங்க்குக்கு வழி திறந்துவிடும், மீனின் ரத்தத்தில் கால்சியமும் குறையும். சாஃப்ட்னர் செய்வது என்ன? கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது. குழாய்க்கும் கெய்சருக்கும் நல்லது. மீனுக்கு இருந்த காவல் போய்விட்டது. மழைத் தண்ணீரும் அதே கதைதான். அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. லேசான அமிலத்தன்மை வேறு, கூரையில் உள்ள ஜிங்க்கை அரித்துக் கொண்டுவரும்.

முதலில் தண்ணீரின் கடினத்தன்மையும் (கால்சியம், மெக்னீசியம் அளவு) ஜிங்க்கும் அளந்துவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் மருந்து எதுவும் விடாதீர்கள். இன்னொரு மீன் செத்தால், செத்த உடனே ஈரலில் சின்னத் துண்டு வெட்டி 10% ஃபார்மலினில் போடுங்கள், துண்டின் அளவுக்குப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள், பனிக்கட்டி செல்லை உடைத்துவிடும்.

பீன்யா_லேப்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். பீன்யாவில் முலாம் பூசும் பட்டறைகள் நிறைய, அதனால் ஜிங்க் எங்களுக்குத் தினசரி விஷயம். மேடம், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ரிப்போர்ட் வாங்கினால் கீழே "குடிநீர்த் தரத்துக்கு உட்பட்டது" என்று வரும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரத்தில் குடிநீருக்கு ஜிங்க் லிட்டருக்கு 5 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லை என்றால் 15 மி.கி. வரை அனுமதி. மனிதனுக்கு அது சரி. மீனுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இ.பி.ஏ.) வைத்திருக்கும் அளவுகோல், கடினத்தன்மை 100 மி.கி. உள்ள தண்ணீரில், லிட்டருக்கு சுமார் 120 மைக்ரோகிராம். அதாவது 0.12 மி.கி. கடினத்தன்மை 50 ஆனால் அந்த எல்லை சுமார் 65 மைக்ரோகிராமுக்கு இறங்கும், 200 ஆனால் 210 வரை ஏறும். நாம் தைரியமாகக் குடிக்கிற தண்ணீரில் மீன் திணறலாம்.

மாதிரி எடுக்கும் முறை: கண்ணாடி வேண்டாம், லேப்பில் கொடுக்கும் அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில். தோட்டக் குழாயில் காலையில் முதன்முதலாக வரும் தண்ணீர் ஒன்று, அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஒன்று, குளத்திலிருந்து ஒன்று. முடிந்தால் மழை பெய்யும்போது கூரைக் குழாயடியில் ஒன்று. முதல் தண்ணீருக்கும் ஓடவிட்ட தண்ணீருக்கும் வித்தியாசம் பெரிசாக இருந்தால் குற்றவாளி குழாய்தான்.

ஆனேக்கல்_பண்ணை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆனேக்கல் பக்கம் பங்காஸ் என்ற கெளுத்தி மீன் வளர்க்கிறேன். பக்கத்துப் பண்ணைகளில் கோழிக் கழிவு போடுகிறார்கள். தோல், குடல், கொழுப்பு எல்லாம் வேகவைத்து. தீனிச் செலவு பாதிக்கும் கீழே. மீன் சீக்கிரம் எடை கூடுகிறது, மறுக்க முடியாது. ஆனால் அறுத்தால் வயிற்றுக்குள் கொழுப்பு கைப்பிடி கைப்பிடியாக வருகிறது, ஈரல் இந்த மேடம் சொன்ன அதே மஞ்சள். வியாபாரி கொழுப்புக்கும் சேர்த்துத்தானே எடை போடுகிறான் என்பார்கள். லாரியில் ஏற்றி இறக்கும்போதுதான் தெரியும். சரியான தீனி தின்ற மீன் தாங்குகிறது, கழிவு தின்றது வழியிலேயே மல்லாந்துபோகிறது. அது ஏன் என்று டாக்டர் மேடம் சொன்னால் நல்லது.

செவுள்_டாக்டர்

அண்ணே, நல்ல கேள்வி. மீன் உடம்பில் ஈரல் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கிறது. வந்த கொழுப்பைப் பிரித்து அனுப்ப வேண்டும், புதுக் கொழுப்பு தயாரிப்பதும் பெரும்பாலும் அங்கேதான், நச்சு முறிப்பதும் அங்கேதான். கொழுப்பு அனுப்பும் வேகத்தைவிட வரும் வேகம் கூடினால் செல்லுக்குள் துளித்துளியாகச் சேரும். துளி பெருத்தால் செல்லின் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்படும், செல்கள் வீங்கி நடுவில் ரத்தம் ஓடும் நுண்வழிகள் நெருங்கிப்போகும். சும்மா நீந்தும்போது மீன் சமாளிக்கிறது. வலை, லாரி, சூடு, ஆக்ஸிஜன் குறைவு என்று ஏதாவது ஒரு நெருக்கடி வந்தால் கையிருப்பு இல்லை.

காட் என்ற கடல் மீன் மாதிரி சில மீன்கள் இயற்கையாகவே ஈரலில் கொழுப்பைச் சேமிக்கும், காட் லிவர் ஆயில் அதிலிருந்துதான். அங்கே ஈரல் கொழுப்பு நோய் ஆகாது. கெண்டைக்கும் பங்காஸுக்கும் அந்த ஏற்பாடு கிடையாது.

கெட்டுப்போன கொழுப்பு இன்னும் மோசம். மீன் தீனியில் உள்ள எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும் வகை. பெங்களூரு மழைக்காலத்தில் வாய் திறந்த மூட்டையை மூக்கருகே கொண்டுபோனாலே காறல் வாடை தெரியும். காறும்போது தீனியில் இருந்த வைட்டமின் ஈ-யும் அழிந்துபோகிறது. ஈரலைக் காக்க வேண்டிய பொருளே போய்விடுகிறது.

ஹொரமாவு_குளம்

ரிப்போர்ட் வந்துவிட்டது. தோட்டக் குழாய் முதல் தண்ணீர் ஜிங்க் 1.9 மி.கி., ஓடவிட்ட பிறகு 0.4. குளத்தில் 0.38. கூரைத் தண்ணீர் 1.2. கடினத்தன்மை குளத்தில் 40, சாஃப்ட்னருக்கு முன்னால் எடுத்த போர் தண்ணீரில் 380. பி.எச். 7.1. கீழே பீன்யா சார் சொன்ன மாதிரியே "குடிநீர்த் தரத்துக்கு உட்பட்டது" என்று முத்திரை.

பீன்யா_லேப்

கடினத்தன்மை 40-க்கு அந்த அளவுகோல் கிட்டத்தட்ட 55 மைக்ரோகிராம். உங்கள் குளத்தில் ஜிங்க் 0.38 மி.கி., அதாவது 380 மைக்ரோகிராம். ஏழு மடங்கு.

அல்சூர்_அரோவானா

சரி, அப்படியென்றால் ஜிங்க்தான் கொன்றதா? நான் நேற்று தேடிப் படித்ததில் தலைகீழாக இருக்கிறது. சீனாவில் ஒரு கெளுத்தி மீனுக்கு ஜிங்க் கொடுத்தால் ஈரல் கொழுப்பு குறைகிறது என்று ஆராய்ச்சி வந்திருக்கிறது. அப்போ ஜிங்க் கொழுப்பைக் கரைக்கும் மருந்துதானே? மெடிக்கலில் கிடைக்கும் ஜிங்க் மாத்திரையைப் பொடி செய்து தீனியில் பிசைந்தால் என்ன?

செவுள்_டாக்டர்

தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் படித்தது உண்மையான ஆராய்ச்சிதான். வூஹானில் உள்ள ஹுவாசோங் வேளாண் பல்கலைக்கழகத்தின் குழு, மஞ்சள் கெளுத்தியில் பல வருஷமாக இதையே பார்த்து வருகிறது. 2018-ல் வந்த அவர்களுடைய கட்டுரையில், ஜிங்க் ஈரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளைச் செல்லே விழுங்கிச் செரிக்கும்படி தூண்டுகிறது என்று காட்டினார்கள். துளி உடைந்து கொழுப்பு அமிலமாகிறது, அதை செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா எரிக்கிறது. அருமையான வேலை, எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. ஆனால் அதே குழு 2013-ல் தண்ணீரில் கரைத்த ஜிங்க்கை அதே மீனுக்குக் கொடுத்தபோது, சில நாள் தாக்கமும் பல வாரத் தாக்கமும் ஈரல் கொழுப்பில் ஒரே மாதிரி விளைவைத் தரவில்லை. எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்காமல் "ஜிங்க் கொழுப்பைக் குறைக்கும்" என்று ஒரு வரியில் சொல்லவே முடியாது.

மேடம் குளத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று என் கணிப்பைச் சொல்கிறேன். கூடுதல் ஜிங்க் வந்ததும் ஈரல் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தயாரித்து அதைக் கட்டிப்போடும். அந்தப் புரதம் போதும் வரை பாதிப்பு தெரியாது. கட்டுக்கு மீறிய ஜிங்க் மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யும், ஆக்ஸிஜன் சார்ந்த கழிவுப்பொருள்கள் கூடும். இதே நேரத்தில் செல் முழுக்கக் கொழுப்புத் துளி. மீன் கொழுப்பு எளிதில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடுகிற வகை, பக்கத்தில் தீப்பொறி இருந்தால் பற்றிக்கொள்ளும். எரிக்க வேண்டிய மைட்டோகாண்ட்ரியா சோர்ந்திருக்கிறது, எரிய வேண்டிய கொழுப்பு மலையாக இருக்கிறது. மெலிந்த கெண்டை இதே 0.38 மி.கி. ஜிங்க்கில் பல மாதம் ஓட்டியிருக்கலாம். கெண்டை கெட்டி ஜாதி, ஒரேயடியாகச் சாகடிக்க லிட்டருக்குப் பல மி.கி. ஜிங்க் வேண்டும். இ.பி.ஏ. எல்லை ட்ரவுட் மாதிரி எளிதில் பாதிக்கப்படும் மீன்களையும் சேர்த்துக் காக்க வைத்தது. அதேபோல கொழுப்பு ஈரலோடு மட்டும் இருந்தால், சுத்தமான கடினநீரில் இந்த மீன்கள் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் வினை. பெரிய மீன்கள் முதலில் போனதும் இதோடு ஒத்துப்போகிறது, முந்தியடித்துத் தீனியை அதிகம் தின்பது அவைதான்.

மாத்திரை விஷயம்: தீனியில் ஏற்கனவே தேவையான ஜிங்க் இருக்கிறது. பிசைந்த மாத்திரை தண்ணீரில் பாதி கரையும். தீனி வழியாகப் போக வேண்டியது செவுள் வழியாகப் போகும்.

ஆனேக்கல்_பண்ணை

எங்கள் பக்கம் பயோஃப்ளாக் தொட்டிகளுக்கு (மீன் கழிவை நுண்ணுயிர்களை வைத்துச் சமாளித்து மீன் வளர்ப்பவை) ஜி.ஐ. கம்பி வலைதான் சட்டம். அது ஆபத்தா?

பீன்யா_லேப்

உள்ளே தார்ப்பாய் கிழியாமல் இருந்தால் தண்ணீர் கம்பியைத் தொடாது அண்ணா, பயமில்லை. தண்ணீரோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கும் ஜி.ஐ. தொட்டி, ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. குழாய் இவைதான் பார்க்க வேண்டியவை. அதுவும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம்.

கொளத்தூர்_சரக்கு

டாக்டர் மேடம், கடைக்காரர்கள் "எங்கள் தீனியில் தப்பில்லை" என்று சொல்வது பாதி உண்மைதானே? நானும் தீனி விற்கிறேன். குளிர்நாட்டில் குளத்துக்குத் தயாரான தீனியை அங்கே கோடையில் நாலு மாதம் போடுவார்கள், குளிரில் நிறுத்திவிடுவார்கள். இங்கே பன்னிரண்டு மாதமும் போடுகிறார்கள். வாங்குபவர் "எது சீக்கிரம் வளரும்" என்றுதான் கேட்கிறார்.

செவுள்_டாக்டர்

தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்பவர் பையைப் பார்த்து 16% என்று வாய்விட்டுச் சொல்லலாம், கெண்டைக்கு இது வேண்டாம் என்று சொல்லலாம். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்து தின்ன அமைந்த உடம்பு. ரெண்டு வேளை கைநிறைய எண்ணெய்த் தீனி அதற்கான சாப்பாடு இல்லை. நம் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் குளத்து நீர் நன்றாகக் குளிர்ந்துவிடும், அப்போது செரிமானம் இன்னும் மந்தம். அந்த இரண்டு மாதத்தில் கொழுப்புத் தீனி அப்படியே ஈரலில்தான் உட்காரும்.

ஹொரமாவு_குளம்

இன்னொரு மீன் போனது. டாக்டர் சொன்ன மாதிரி ஃபார்மலினில் போட்டு அனுப்பினோம். ஸ்லைடு பார்த்தவர்கள், செல்லுக்குள் விளிம்பு தெளிவான வட்ட ஓட்டைகள், உட்கரு ஓரத்தில் ஒட்டியிருக்கிறது, இடையிடையே செத்த செல்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டை என்றால் கொழுப்பா, வேறு எதுவுமா?

செவுள்_டாக்டர்

வட்டமாக, விளிம்பு கூர்மையாக, உட்கருவைத் தள்ளியிருந்தால் கொழுப்பு. ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், அதனால் அது இருந்த இடம் ஓட்டையாகத் தெரிகிறது. மாவுச்சத்தான கிளைக்கோஜன் என்றால் விளிம்பு மங்கலாக, பஞ்சு மாதிரி இருக்கும், உட்கரு நடுவிலேயே நிற்கும். இடையில் செத்த செல்கள் இருப்பதுதான் கவலை. வெறும் கொழுப்பு சேர்ந்த ஈரல் தீனியைக் குறைத்தால் பெரும்பாலும் தேறும். இப்போது மீதி இருக்கும் மீன்களைப் பார்ப்போம்.

மூன்று நாள் தீனி வேண்டாம். கெண்டைக்கு அது ஒன்றுமே இல்லை. பிறகு கொழுப்பு 5, 6% உள்ள தீனி, முன்பு போட்டதில் பாதி. அந்த 16% பையை நாய்க்குக்கூடப் போடாதீர்கள், திறந்து பல மாதம் ஆகியிருக்கும்.

தண்ணீர்தான் முக்கியம். தோட்டக் குழாய்க்கு சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து ஒரு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள், சி.பி.வி.சி. அல்லது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயில். ஜி.ஐ.யைக் கழற்றிவிடுங்கள். 380 கடினத்தன்மை கெண்டைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரே நாளில் மாற்றக் கூடாது. தினம் குளத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, போர் தண்ணீர் விடுங்கள். பி.எச். ஏறும், அதனால் அந்த நாட்களில் அம்மோனியாவை விடாமல் பாருங்கள், பி.எச். கூடினால் அதே அம்மோனியா அதிக விஷமாகும். அவசரத்துக்கு உலோகத்தைப் பிடிக்கும் நீர் கண்டிஷனர் விடலாம், அது தற்காலிகம்தான்.

கூரைத் தண்ணீரைக் குளத்தில் விழவிடாமல் திருப்பிவிடுங்கள். பெங்களூரில் 2009-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் கட்டடத்தில் அதற்கான குழி இருக்கும். முதல் மழைத் தண்ணீரை ஒதுக்கும் வடிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அல்சூர்_அரோவானா

டாக்டர், நான் மாத்திரை யோசனையை விட்டுவிட்டேன். என் ஆஸ்கருக்கு மாட்டு இதயத்துக்குப் பதில் இறால், மண்புழு, கூடவே பெல்லட் போதுமா?

செவுள்_டாக்டர்

போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுங்கள்.

ஹொரமாவு_குளம்

கமிட்டியில் பேசிவிட்டேன். பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், தனி லைனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. கூரைக் குழாயைத் தற்காலிகமாக வடிகாலுக்குத் திருப்பியாயிற்று. ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் மண்டல மையம் இருப்பதாகப் பெரியவர் சொன்னார், தீனி பற்றி அங்கேயும் கேட்கப் போகிறோம். லைன் மாற்றிய பிறகு ஜிங்க் மறுபடி எப்போது பார்க்க வேண்டும், பீன்யா சார்?

பீன்யா_லேப்

புதுக் குழாயில் ஒரு வாரம் தண்ணீர் ஓடிய பிறகு குழாயில் ஒன்று, குளத்தில் ஒன்று. குளத்து மாதிரியை மேலே மொள்ளாதீர்கள், முழங்கை ஆழத்தில் எடுங்கள். அடியில் இருக்கும் சேற்றிலும் ஒரு பிடி தனிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இத்தனை நாள் வந்த ஜிங்க்கில் கணிசமான பங்கு அங்கேதான் படிந்திருக்கும். சேறு அதிகமாகக் காட்டினால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுக் குளத்தை ஒருமுறை சுத்தமாக வாரிவிடுவது நல்லது.